முப்பது வருஷப் பெருநாள் கிழமை

நோன்பு திறக்கிற நேரத்தில் கேட்கும் துஆ வீண்போகாது என்பார்கள். என் கணவரின் சாச்சா மகனுடைய முன்பல் இரண்டும் கொட்ட வேண்டும் என்று, பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல வருஷம் கேட்டிருக்கிறேன். அல்லாஹ் என்னைவிடப் பொறுமைக்காரன். சாச்சா மகனுக்குப் பல் இன்றைக்கும் முத்துப் போல இருக்கிறது.

என் கணவர் அவனுக்கு அண்ணன் முறை, நாநா என்பான், என்னை மதினி என்பான். நான் தம்பி என்பேன். வாய் அவனுக்குச் சர்க்கரைப் பாகு. தூரத்தில் இருந்த ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவுக்கும் அதோடு ஒட்டிய ஹோட்டலுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. எங்கள் ஊர் தில்லையடியில் அவன் ஏறாத வீடு இல்லை. வான் வண்டி பிடித்து எங்களை ஒருநாள் இலவசமாகக் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளைகள் சறுக்கில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சாப்பிடவும் வரமாட்டோம் என்றார்கள். பாலாவிச் சந்தியில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிற என் கணவர் அலைக்குளத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். கடைக்கார முகத்தை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய விஷயம். இந்த மனுஷனை வருஷத்தில் ஒரு தரமாவது இப்படிப் பார்த்தால் போதும் என்று தோன்றியது.

பின்னேரம் குளிர் அறையில் உட்கார வைத்துப் பழ யூஸ் கொடுத்தார்கள். அங்கத்துவம் எடுத்தால் வருஷத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், அந்த ஹோட்டலில் ஒரு வீடு எங்களுக்கு. முப்பது வருஷத்துக்கு அந்தக் கிழமையை யாரும் தொட முடியாது. எந்தக் கிழமை வேண்டும் என்று கேட்டபோது தம்பி என் பக்கம் சாய்ந்தான்.

"மதினி, ஹஜ்ஜுப் பெருநாள் கிழமையப் புடிங்க. நாநா கடை பூட்டுறது அப்ப மட்டும்தானே? புள்ளைகளுக்கும் சந்தோசம். பொறகு மகளுக்குக் கலியாணம் வந்தா அன்பளிப்பா எழுதியும் குடுக்கலாம்."

உண்மைதான். கடையில் வேலை செய்கிறவர்கள் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், அந்த ஒரு கிழமைதான் கடைக்குப் பூட்டு. நான் தலையை ஆட்டினேன். மேல்மாடி கட்ட வைத்திருந்த காசு அன்றைக்கே போனது.

பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற சனம் நாங்கள். பெருநாள் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும் என்று எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் குளிர் அறையில் மட்டும் தெரியாமல் போனது. தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் எல்லா வருஷமும் ஒரே காலத்தில்தான் பாலாவியால் போகும். எங்கள் பெருநாள் அப்படி ஒரு இடத்தில் நிற்காது. ஹோட்டல்காரர் எங்களுக்கு எழுதிய கிழமையோ நின்ற இடத்திலேயே நின்றது.

முதல் வருஷம் போனோம், நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் எங்கள் கிழமை வருவதற்கு முன்பே பெருநாள் வந்து போய்விட்டது. கடை திறந்தாயிற்று, வீடு கட்டுகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். கடையை விட்டுவிட்டு இவர் வரமாட்டார். ஆம்பிளை இல்லாமல் ஹோட்டலில் தங்குவதா என்று மாமி, இவருடைய உம்மா, குதித்தார். கிழமையை மாற்றித் தரமாட்டோம் என்று ஹோட்டலில் சொன்னார்கள். விற்கப் பார்த்தோம், வாங்க ஆளில்லை. போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்தது. பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தக் கிழமையில் இன்னொரு பெருநாள் விழக் கால் நூற்றாண்டு ஆகும், அதற்கு முன்னால் நோன்புதான் விழும் என்றார். நோன்போடு சறுக்கில் ஏறுவதா?

காசு போனதைக் கூடப் பொறுத்திருப்பேன். பழி என் தலையில் விழுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தம்பிக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும், பெருநாளைச் சொல்லித்தான் ஆசை காட்டினான் என்று என் கணவரிடம் வருஷா வருஷம் சொன்னேன். "அவன் பாவம், நல்லது நெனச்சுச் சொன்னான். கிழமையப் புடிச்சது நீதானே?" என்பார். மின்விசிறி பழுதானால் "உன்ட பெருநாள் கிழமைய வித்து வாங்கு" என்பார். தம்பி அதற்கு மேல். குடும்பம் கூடுகிற இடமெல்லாம், "எங்கட மதினி பிறை பார்த்துத்தான் ஹோட்டலுக்குப் போவா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே எரியும். அவன் வீட்டுக்குப் பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்தை அனுப்புவதை நிறுத்தினேன். வந்தால் சீனி போடாத பிளேன்டீ கொடுத்தேன். தனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்திருப்பதால் அது நல்லது என்று குடித்துவிட்டுப் போனான்.

பிறகு அவன் மகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கற்பிட்டிப் பக்கம் காணி உள்ளவர்கள். மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவன் வீட்டில் கூடியிருந்தது. சம்பந்தியிடமும் பூங்காவின் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தான். மணமக்களுக்கு ஒவ்வொருவராக அன்பளிப்புக் கொடுத்தார்கள். என் முறை வந்தது.

"நாங்க மோதிரம் ஒண்டும் கொண்டு வரல்ல. பூங்காவுல எங்கட பெருநாள் கிழமை இருக்கித்தானே, அத உங்க ரெண்டு பேருக்கும் தாறம். நாளைக்கே பேர் மாத்திருவம்."

மாப்பிள்ளையின் உம்மா "மாஷா அல்லாஹ்" என்றார். பிள்ளை எழும்பி வந்து, "பெரியும்மா!" என்று என்னைக் கட்டிப் பிடித்தாள். அவள் தோளுக்கு மேலால் அவள் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பாகு எல்லாம் வற்றிப் போயிருந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. சற்று முன்புதான் சம்பந்தியிடம் அதைப் புகழ்ந்திருந்தான்.

என் கணவரைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு, பலர் சேர்ந்து சாப்பிட்ட பெரிய சஹன் தட்டுகளைக் கழுவுகிற பின்பக்கம் போனேன். இவரை அங்கே இருந்த சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கச் சொன்னேன். சற்றைக்கெல்லாம் தம்பி என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

"மதினி, வேணாம். புதுசாக் கலியாணம் முடிச்ச புள்ளைகள். வருசா வருசம் கட்டோணும். பெருநாள் அந்தக் கிழமையில நிக்காதே."

"நிக்காது எண்டு உங்களுக்கு எப்ப தெரியும், தம்பி?"

"தெரியாம? விக்கிற நாளே தெரியும். எங்கட சனத்துக்குப் பெருநாளச் சொன்னாத்தானே வாங்குவாங்க."

சாமான் அறைக் கதவைத் தள்ளித் திறந்தேன். அவனுடைய நாநா நின்றார்.

"புள்ளைக்கு வேணாமெண்டா உங்கட பேருக்கு மாத்திக்கோங்க. இப்பவே போய்ச் சபையில சொல்லுங்க" என்றேன்.

போனான். மதினியிடமிருந்து அந்தக் கிழமையை நானே எடுக்கிறேன், மகளுக்கு வேறு நல்லது செய்கிறேன் என்று எல்லார் முன்னும் சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இரண்டு கோப்பை வட்டிலாப்பம் சாப்பிட்டேன். அவ்வளவு இனிப்பாக நான் வட்டிலாப்பம் சாப்பிட்டதில்லை. இப்போது கட்டணம் அவன்தான் கட்டுகிறான். எனக்கு ஒரு துளி இரக்கமும் இல்லை.

வீட்டுக்கு ஓட்டோவில் திரும்பினோம். வழியில் ஒரு பாலம் தாண்டியதும் இவர், "அவனுக்குத் தெரியும் எண்டு நீ என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். அவன் வாயால் வந்த பிறகுதான் இவர் காதில் விழுந்திருக்கிறது.

தம்பி மேலிருந்த கோபத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன். இவர் மேலிருப்பதை இன்னும் விடவில்லை.