பெரியதாழை மூக்கு

என் மூக்கு கொஞ்சம் பெரிது. நுனியில் லேசான வளைவு வேறு. அதைக் குறை சொன்னவர்களிடமெல்லாம், இது பெரியதாழையிலிருந்து வந்த மூக்காக்கும் என்று நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். அந்த மூக்கு எனக்குக் கிடைத்த கதை இது.

எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு பர்னாந்து மேலோ மோத்தா மேலோதான் விழ வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் தவோரா என்று குடும்பப் பெயர். அப்பாவைப் பெற்ற தாத்தா, முத்துக்குளிப்புக் காலத்தில் மன்னாரிலிருந்து தன்னந்தனியாக வந்தவர், குளிப்பு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபின் அந்தப் பெயருக்கு மிஞ்சியது அப்பா, அத்தை, நான்.

அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல். தோணியும் ஆட்களும் அவர் சொன்னபடி கேட்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர், அத்தையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா கேட்ட ஒரு கேள்வியில் தலையைக் குனிந்துகொண்டார்.

“பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா ஒங்க பக்கம் வெத்தல மாத்துததுக்கு யாரு இருக்கா? பங்காளின்னு ஒரு பெரியவரு இல்லாத வீட்டுல எப்படிக் கை நனைக்க?”

நிச்சயத்தில் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ள, பெண்ணின் தகப்பன் வழியில் ஒரு பெரியவர் வேண்டும். அது இல்லையென்றால் என்ன குலமோ என்ன கோத்திரமோ என்று ஊர் பேசும். ஏற்கெனவே இரண்டு இடம் இப்படித்தான் தட்டிப்போயிருந்தது. நான் அடுப்படிக்குப் போனபோது அத்தை, உரித்து வைத்த வெங்காயத்தையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது.

கடலோர ஊரான பெரியதாழையில் ஒரு தவோரா வீடு இருப்பதாகத் தோணியில் யாரோ சொன்னார்கள். அடுத்த ஞாயிறே அப்பா பஸ் ஏறினார். பிள்ளையோடு போனால் உள்ளே கூப்பிடுவார்கள் என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள்.

அங்கே வயதான ஒருவர் வாசலில் உட்கார்ந்து வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியிலிருந்து வருவதாகச் சொல்லி, அப்பா எங்கள் பெயரைச் சொன்னார். பெரியவரின் கை நின்றது.

“என்ன பேரு சொன்னீரு? இன்னொரு மட்டம் சொல்லும்.”

அப்பா சொன்னார். “இன்னொரு மட்டம்” என்றார் பெரியவர். பாவம், செவிடு போலிருக்கிறது என்று நினைத்த நான், அவர் காதருகில் போய் “தவோரா!” என்று கத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அவர் மனைவி எனக்குக் கருப்பட்டியும் தேங்காய்ச் சில்லும் கொடுத்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா வந்த காரியத்தைச் சொல்லி முடித்ததும், அந்த அம்மா கணவரை உள்ளே கூப்பிட்டார்.

“இஞ்சேருங்க, ஒங்க பாட்டனுக்குத் தாயும் தகப்பனும் காலராவுல போன பொறவு பங்குச் சாமியாருல்லா எடுத்து வளத்தாரு. பேரும் அவரு வச்சதுதான. இவுகளுக்கும் நமக்கும் என்னத்த ஒறவு?”

“மெல்லப் பேசுளா. பிள்ள நிக்கி.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பெயரைச் சாமியாரே வைத்திருக்கிறார்! பிறகு பெரியவர் அப்பாவைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது அப்பாவின் கண் சிவந்திருந்தது. உப்புக்காற்று என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

“ஏளா, இது நம்ம வீட்டு மூக்குல்லா!”

நிச்சயத்தன்று பெரியவர் கஞ்சி போட்ட வேட்டியும் சட்டையுமாக வந்து நடுப்பாயில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. எந்த வழியில் பங்காளி என்று கேட்டார். அப்பா வெற்றிலைத் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

“எங்க பேரு சாமியாரு…” என்று ஆரம்பித்தேன்.

“ஏளா, இங்கன வா. ஒம் மூக்கக் காட்டு” என்று பெரியவர் என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவிடுக்கில் நின்ற அத்தையையும் பார்த்தார். “ஆமா, அச்சு அசலாத்தான் இருக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிலை மாறியது. உள்ளே அத்தை என்னைக் கட்டிக்கொண்டு என் மூக்கிலேயே முத்தம் கொடுத்தார்.

நடக்கப்போகும் கல்யாணத்தை மாதா கோவிலில் அறிவித்து ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் பெரியவர் முதல் பஸ்ஸிலேயே வந்து கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பீடத்திலிருந்து அத்தையின் பெயரோடு தவோரா என்று சாமியார் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கேட்டிருக்காதே என்று நான் அவர் காதில் மறுபடியும் கத்துவேன். கோவிலே திரும்பிப் பார்க்கும். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ்களுக்கெல்லாம் கருவாட்டுப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரிடம் நான் பேசியதெல்லாம் கத்தித்தான்.

நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அவர் இறந்தார். மகன் செய்ய வேண்டியதையெல்லாம் அப்பா முன்னின்று செய்தார். அவர் எந்த வழியில் நமக்குப் பெரிய தாத்தா என்று அன்றுதான் அப்பாவிடம் கேட்டேன்.

“ஒரு வழியும் இல்லம்மா. அன்னைக்குக் கடக்கரையிலயே சொல்லிட்டாரு. ரத்த ஒறவு கெடையாது தம்பி, ஆனா பேரத் தேடி வந்துட்டீருல்லா, நான் வாரேன்னாரு.”

என் கை மூக்குக்குப் போனது. தலைமாட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். “காது கேக்காம எத்தன கஷ்டப்பட்டாரோ” என்றேன்.

“அவருக்கா? கடல்ல மீன் துள்ளுத சத்தத்த இங்கன இருந்தே கேட்டுச் சொல்லுவாரே” என்றார் அந்த அம்மா.

பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் குனிந்து, முதல்முறையாகக் கத்தாமல், அவர் காதருகில் எங்கள் பெயரைச் சொன்னேன். பிறகு இன்னொரு மட்டமும் சொன்னேன்.