கடைசிப் பக்கத்துப் பென்சில் வரி

"தலையத் தூக்காத. எதிர ஒரு மாடு நிக்குதுன்னு நெனச்சுக்கோ. அத மொறச்சுப் பாரு."

இப்படிச் சொன்னால்தான் பிள்ளைகள் குதிகாலை ஊன்றி, முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்த நொடியில், உயரம் அளக்கச் சுவரில் மேலும் கீழும் ஓடும் மரச்சட்டத்தைக் கீழே இறக்கி, உச்சந்தலையில் பட்டும் படாமல் நிறுத்துவார். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பதிவேட்டில் எழுதிக் கையால் மறைத்துக்கொள்வார்.

அவர் பள்ளியின் முதலுதவி அறை உதவியாளர். எல்லோருக்கும் 'அளவு அண்ணன்'. பருவத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அளந்தால் போதும் என்பது உத்தரவு. அவரோ வாத்தியார், சமையல்காரம்மா, வாட்ச்மேன் என்று ஒருவரையும் விடுவதில்லை. டீச்சர்கள் செருப்பு, கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார்கள்.

"மூச்ச விடுங்க டீச்சர். அதையெல்லாம் இது கணக்குல சேக்காது."

வாய் கேலி பேசினாலும் கண் சும்மா இருக்காது. கணக்கு வாத்தியாரை இறக்கிவிட்டுப் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், மூணு மாசத்துல அஞ்சு கிலோ. டயட்டா, இல்ல மனசுல ஏதாவதா?" வாத்தியார் கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் பேசினார். பையன் ஒருவன் இளைத்திருந்தால் அவனிடம் எதுவும் கேட்க மாட்டார். நேரே சமையலறைக்குப் போவார். "அக்கா, மூணாவது வரிசையில கண்ணாடி போட்ட பையன். கேக்காமயே இன்னொரு கரண்டி வையுங்க. ஏன்னு கேட்டா, மிஞ்சிப்போச்சுன்னு சொல்லிடுங்க."

சொந்த மகளை அவர் கடைசியாக அளந்து மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்கு நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர். கணவன் மனைவிக்கு ஒத்துவரவில்லை. அம்மா அவளை அழைத்துக்கொண்டு, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊருக்குப் போய்விட்டாள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது. பருவத்துக்குப் பருவம், மகள் வயதுப் பெண்கள் இருபத்து மூன்று பேரின் உயரத்தையும் கூட்டி வகுத்து, வருகிற எண்ணை மகளின் உயரமென்று அங்கே எழுதுவார். பழையதை அழித்துவிடுவார்.

அந்த எண்ணை நம்பித்தான் போன பிறந்தநாளுக்கு ஒரு கவுன் எடுத்து அனுப்பினார். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. "உங்கப்பாவுக்கு ஊர்ப்பிள்ளைங்க அளவுதான் தெரியும்னு அம்மா சொன்னாங்கப்பா," என்று மகள் போனில் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

இந்த விடுமுறைக்கு நான்கு நாள் வந்து இருப்பாள் என்று பேச்சு. ஒரு வாரமாக அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டம் சிக்காமல் ஓட எண்ணெய் போட்டார். சுவரை இரண்டு முறை துடைத்தார். ஒன்பதாம் வகுப்பை அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, இந்தத் தடவையும் இல்லப்பா. அம்மாவுக்கு ஆபீஸ்ல லீவு குடுக்கல. தனியா ரயில்ல அனுப்பவும் மாட்டாங்களாம்."

"சரிம்மா. அம்மா சொல்றதும் சரிதான்." போனை அடுத்த காதுக்கு மாற்றினார். "ஒழுங்கா சாப்பிடுறியா?"

"ம்ம். அப்பா, நான் இப்ப அம்மா காது வரைக்கும் வந்துட்டேன், தெரியுமா?"

போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். மனைவியை அவர் ஒருநாளும் சுவரில் நிறுத்தி அளந்ததில்லை. பக்கத்தில் வந்து நின்றால் அவள் காது தன் தோளில் எங்கே உரசும் என்பது மட்டும் தெரியும். இடது கையைத் தோளுக்கு நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கச் சுவரில் வைத்தார். யோசித்து, ஒரு விரற்கடை உயர்த்தினார். பிறகு, உச்சந்தலை இடித்துவிடாமல் இறக்குகிற அதே நிதானத்தோடு, சட்டத்தை அந்தக் கைவரை இறக்கினார்.