வீட்டுக்கு வந்த டீச்சர்

பென்சிலின் பின்முனையைக் கடித்தால் முதலில் சிவப்பு பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அதையும் தாண்டிக் கடித்தால் மரம் வரும், எச்சிலில் ஊறிய, லேசாகக் கசக்கிற மரம். நான் மூன்றாம் வகுப்புப் படித்த மழைக்காலம் முழுக்க என் வாயில் அந்தக் கசப்புதான் இருந்தது. கணக்கு நோட்டைத் திறந்தாலே கை தானாகப் பென்சிலை வாய்க்குக் கொண்டுபோகும். கூடவே வயிற்றில், தொப்புளுக்குச் சற்று மேலே, யாரோ துணியைப் பிழிவதுபோல ஒரு வலி வரும். அந்த வலியை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கணக்குக்குப் பயந்து நடிக்கிறேன் என்பார்கள். அது பாதி உண்மையாகவும் இருந்தது.

கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். அங்கே இருந்த ஈராசிரியர் பள்ளியில் அம்மா ஆசிரியை. பெயர் சுகிர்தம், ஊருக்கெல்லாம் ‘சுகிர்தம் டீச்சர்’. அப்பா கீழ்வேளூரில் ஒரு கடையில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் பள்ளியில், அம்மாவின் வகுப்பில்தான் படித்தேன். பள்ளி வாசலைத் தாண்டினால் அம்மாவை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும், ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். மாலையில் அதே வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் ‘அம்மா’, ‘நீ’. ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற வேண்டியிருந்ததில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. மாறியது பெயர் மட்டும் இல்லையென்பதுதான் சிரமமாக இருந்தது.

பள்ளியில் இருந்த அந்த டீச்சரைப்போல ஒருவரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, அதில் பூஜ்யத்திலிருந்து இருபது வரை எழுதி, அதற்கு ‘வரப்பு’ என்று பெயர் வைத்திருப்பார். பிள்ளைகள்தான் கொக்குகள். ஏழில் நிற்கும் கொக்கு மூன்று எட்டு முன்னால் தாவினால் எங்கே போய் நிற்கும், பாம்பைப் பார்த்துப் பயந்து ஐந்து எட்டு பின்னால் வந்தால் எங்கே நிற்கும் என்று கேட்பார். கொக்கு ஒரு காலில்தான் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. தென்னை ஈர்க்கைச் சாண் அளவுக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். அதன் பெயர் ‘நாத்துக்கட்டு’. யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் ‘தப்பு’ என்று சொல்ல மாட்டார். "நாகப்பட்டினம் போற பிள்ள திருவாரூர் பஸ்ல ஏறிட்ட. பரவால்ல, அடுத்த ஸ்டாப்புல இறங்கி வா" என்பார். அப்புறம், "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்டு, அந்தப் பிள்ளை போன தப்பான வழியையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் அவன் பெயரையோ அவள் பெயரையோ போடுவார். செல்வத்தின் வழி, மாலதியின் வழி என்று பலகையில் பெயர் வருவதற்காகவே சிலர் வேண்டுமென்று தப்பாகச் சொன்னதும் உண்டு.

என் பெயர் அந்தப் பலகையில் வந்ததில்லை. நான் ஒருநாளும் கொக்காக வரப்பில் ஏறியதில்லை. வகுப்பிலிருந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் டீச்சர் கேள்வியே கேட்காத ஒரே பிள்ளை நான். கேள்வி என் பக்கத்தில் இருக்கும் மாலதியிடம் வரும், என்னைத் தாண்டி, எனக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்குப் போகும். முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. நான் தேறமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அதற்கு நேர்மாறு. வீட்டில் கேள்வி எல்லாமே எனக்குத்தான். சாயங்காலம் காபி குடித்த டம்ளரைக் கவிழ்த்ததும் அம்மா நோட்டை எடுத்துவரச் சொல்வார். வரப்பு கிடையாது, கொக்கு கிடையாது, பஸ்ஸும் கிடையாது. "போடு" என்பார். நான் போடுவேன். "ஏன் இப்படி வருது?" என்பார். இரண்டாவது தடவை, "ஏன்?" மூன்றாவது தடவை அந்த ‘ஏன்’ கூட இருக்காது, மூச்சு மட்டும் பெரிதாக வரும். தலைமையாசிரியர் ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "டீச்சர் வீட்டுப் பிள்ளையே இப்படியா?" என்று அவருடைய மேசைக்கு முன்னால் நின்ற இரண்டு தாய்மார்கள் காதில் விழும்படி கேட்டிருந்தார். அவருக்கு அம்மாவின் ஆட்டபாட்டம் எதுவும் பிடிக்காது. அன்றிலிருந்து அம்மாவின் மூச்சு இன்னும் பெரிதானது. மழைக்காக லீவு விட்டால் மற்றப் பிள்ளைகள் குதிப்பார்கள். எனக்கு மட்டும் அன்று பகல் முழுவதும் அம்மா வீட்டில் இருப்பாரே என்று வயிறு பிசையும். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து, மழை வேண்டாம் என்று ஜெபம் பண்ணிய பிள்ளை எங்கள் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

அப்படி ஒரு லீவு நாளில்தான் அது நடந்தது. இரண்டு நாளாக விடாத மழை, வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கச் சொன்னார் அம்மா. நான் முப்பத்தைந்து என்று எழுதினேன். மறுபடியும் போடச் சொன்னார். முப்பத்தைந்து. இன்னொரு முறை போட்டேன், முப்பத்தைந்துதான் வந்தது, எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அம்மா நோட்டைப் பிடுங்கி வாசலைப் பார்த்து எறிந்தார். அது விரிந்தபடி தண்ணீரில் விழுந்து மெதுவாகச் சுற்றியது. அம்மா போட்ட சிவப்பு மையெல்லாம் கரைந்து ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் பரவியது. நான் அழவில்லை. அம்மாவும் எழுந்திருக்கவில்லை. தான் எறிந்ததை நம்பாதவர்போலத் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் இல்லாததால் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அப்பா அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதுவும் கேட்காமல் குனிந்து நோட்டை எடுத்து, உதறி, ஈரப் பக்கங்களைப் பிரித்து நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார். கடைசிப் பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உன் வகுப்புல ஒரு பிள்ள இதுக்கு முப்பத்தஞ்சுன்னு எழுதினா என்ன செய்வ, சுகிர்தம்?"

"எப்படி வந்துச்சுன்னு கேப்பேன்."

"இவகிட்ட கேட்டியா?"

அம்மா எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தமும் பின்கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. சண்டை வரப்போகிறது, என்னால்தான் வரப்போகிறது என்று நான் பென்சிலைத் தேடினேன். அது நோட்டோடு தண்ணீரில் போயிருந்தது.

சிறிது நேரம் கழித்து வாசல் கதவை யாரோ தட்டினார்கள். அப்பா போய்த் திறந்தார். பள்ளிக்குக் கட்டும் நீலக்கரைச் சேலையில், தோளில் பையும் கையில் குடையுமாக அம்மா நின்றிருந்தார்.

"ஜெனி வீடு இதுதானுங்களே? நான் ஸ்கூல்ல இருந்து வர்றேன்."

அப்பா ஒரு கணம்தான் தடுமாறினார். "ஆமா டீச்சர், வாங்க. மழையில எதுக்கு இவ்வளவு தூரம்?"

"பிள்ளையப் பார்க்கலாம்னு வந்தேன். அவங்க அம்மா இல்லீங்களா?"

"வெளிய போயிருக்காங்க. உக்காருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது எதற்கான தந்திரம் என்று புரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஈர்க்குகளை எடுத்து என் முன்னால் பரப்பினார். ஐந்து கட்டுகள், உதிரியாக இரண்டு. பிறகு, வகுப்பில் மாலதியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு எப்படி வந்துச்சு, சொல்லும்மா."

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று என்று சொன்னேன். பெரியதிலிருந்துதானே சின்னதை எடுக்க முடியும் என்றேன். அவர் தலையாட்டினார். "யோசிச்சுத்தான் போட்டிருக்க" என்றார். அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, "இது உன் நாத்து. எனக்கு இருபத்தேழு குடு. முதல்ல உதிரி ஏழு" என்றார். நான் உதிரி இரண்டையும் கொடுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. இன்னும் ஐந்து வேண்டும் என்று கை நீட்டியபடியே இருந்தார். நான் கட்டுகளைப் பார்த்தேன். வகுப்பில் மற்றவர்கள் அவிழ்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் கையால் அவிழ்த்ததில்லை. கட்டிலிருந்து ரப்பர் பேண்டை உருவியதும் அது விரலில் சுண்டியது. பத்து ஈர்க்குகள் தரையில் சிதறின. ஐந்தை எண்ணிக் கொடுத்தேன், பிறகு இரண்டு கட்டுகளைக் கொடுத்தேன். மிச்சம் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும். நான் எண்ணிப் பார்த்துச் சொல்லும்வரை டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

இருபத்தைந்து என்று சொல்லிவிட்டு நான் கேட்டேன்: "அம்மா எப்ப வருவாங்க டீச்சர்?"

"ஏன், வந்தா என்ன?"

"திட்டுவாங்க."

அவர் ஈர்க்குகளைப் பொறுக்கத் தொடங்கினார். பத்து ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது. கட்டி முடித்து, பையில் போட்டு, எழுந்து நின்று, "திட்ட மாட்டாங்க. நான் சொல்லிட்டுப் போறேன்" என்றார். வாசல் வழியாக வெளியே போனார். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து நான் பார்த்தேன். கூரைச் சரிவின் கீழே, குடையை விரிக்காமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நோட்டைக் காயவைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அநேகமாக எல்லா மாலையும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒருநாள் இரட்டை எண்களுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைத்தோம், ஒற்றை எண்கள் பெண் கேட்டு அலைந்தன. இன்னொரு நாள் ஆறாம் வாய்ப்பாட்டை அப்பா தப்பாகச் சொல்ல, நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாட்களில் டீச்சரின் குரலுக்குள்ளிருந்து அம்மாவின் மூச்சு எட்டிப்பார்க்கும். உடனே என் கை பென்சிலை வாய்க்குக் கொண்டுபோகும். அப்போதெல்லாம் அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். பள்ளியில் இன்னும் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கவில்லை. சொந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்துகிறாள் என்று ஊர் பேசும் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. ‘அவ தப்பாச் சொல்லிட்டா?’ என்று ஒரு வார்த்தையும் அதோடு சேர்ந்து விழுந்தது.

அரைப்பரீட்சைக்கு முன்னால் பள்ளியைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். தரையெல்லாம் எதற்குக் கிறுக்கல், ஆடுவதற்கா பள்ளிக்கூடம் என்று தலைமையாசிரியர் முந்தின நாளே வரப்பை அழிக்கச் சொல்லியிருந்தார். அம்மா அழித்தார். சாக்பீஸ் மங்கலாகத் தெரிந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, கழித்தல் கணக்கு ஒன்று போடச் சொல்லுங்கள் என்றார். அம்மா வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் மாலதியிடம் வந்தது. எப்போதும்போலத் தாண்டிப் போகும் என்று நான் குனிந்துகொண்டேன்.

"ஜெனி, நீ வா" என்றார்.

பலகையில் அறுபத்து மூன்று கழித்தல் இருபத்தெட்டு. கையில் ஈர்க்கு இல்லை, முதுகுக்குப் பின்னால் இருபத்தோரு பிள்ளைகள், அதிகாரி, தலைமையாசிரியர். எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து என்று பழைய வழி தானாக வந்தது. நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டேன். எழுதிய கணமே தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். நான் அதிகாரியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன், அங்கே இருப்பது யார் என்று தெரிந்துகொள்ள. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மூச்சை இழுத்தார். வீட்டு மூச்சுதான் என்று நினைத்தேன்.

"திருவாரூர் பஸ்ல ஏறிட்ட" என்றார். "பரவால்ல. இறங்கி வா."

பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள், அது என்னைப் பார்த்த சிரிப்பில்லை, அவர்களும் அந்த பஸ்ஸில் போனவர்கள்தான். நான் கையால் அழித்துவிட்டு, ஆறு கட்டில் ஒன்றை மனதுக்குள் அவிழ்த்து, முப்பத்தைந்து என்று எழுதினேன். அதிகாரி, "அது என்ன பஸ்?" என்று கேட்டார். அம்மா விளக்கினார். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. தலைமையாசிரியரின் போக்கு மாறவில்லை. ஆனால் அன்று மதியம் அம்மா பலகையில் நாற்பத்தைந்தை மறுபடியும் எழுதி, பக்கத்தில் ‘ஜெனியின் வழி’ என்று போட்டார்.

நான் கணக்கில் புலியாகிவிடவில்லை. பத்தாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண்தான். இப்போது தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் எண்களோடுதான் இருக்கிறேன், வயிறு வலிப்பதில்லை. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து குறைந்து, கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் காலையில் வேனில் ஏறி நாகப்பட்டினம் பக்கம் போகிறார்கள். வகுப்பறையில் டைல்ஸ் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். தப்பாகச் சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்று யோசிக்க ஒரு பிள்ளைக்கு அவகாசம் தருகிற அறை ஒன்று எங்கள் ஊரில் இருந்தது, இப்போது இல்லை.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார். செல்வத்தின் வழி, மாலதியின் வழி எல்லாம் இன்றைக்கும் எண்ணோடு சொல்வார். நோட்டைத் தண்ணீரில் எறிந்ததை மட்டும் ஒருமுறை கேட்டேன். "நானா? நான் அப்படியெல்லாம் செய்ய மாட்டேனே" என்றார், உண்மையாகவே திகைத்து.

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய டீச்சர் தாளை நீட்டி, மேத்ஸில் ரொம்ப ஸ்லோ, வீட்டில் கவனியுங்கள் என்றார். வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. வாயைத் திறந்தால் எந்தக் குரல் வரும் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தேன். இறங்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, மெதுவாக என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"என்ன பேசாம இருக்க? கோவமாம்மா?"

"இல்ல" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. அதன் பிறகே இறங்கினேன்.