பாலில் ஒட்டியதும் மைதாவில் ஒட்டியதும்

டீச்சர் ஒரு நோட்டு தந்துவிட்டுப் போனாங்க. பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற மற்ற பெற்றோருக்கு உதவும், நீங்க மகளுக்குச் செய்து கொடுத்த கைவேலையை எல்லாம் எழுதுங்க என்றாங்க. நான் ஆறாம் வகுப்பு வரைதான். ரப்பர் வெட்டு வேலை, மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. எழுதிப் பழக்கமில்லை. முடிந்தவரை எழுதுகிறேன்.

என் மகள் பிறக்கும்போதே முதுகுத் தண்டின் அடியில் ஒரு கொப்புளம் இருந்தது. திருவனந்தபுரத்தில் வைத்து ஆப்பரேஷன் செய்தார்கள். பத்து வயதுக்குள் ஆறு ஆப்பரேஷன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மூத்திரம் தானாகப் போகாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் போட்டு எடுக்க வேண்டும். அதை அவள் அம்மாதான் செய்வாள். பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை. பேர் மட்டும் அங்கே பதிவில் இருந்தது. வாரம் இரண்டு நாள் டீச்சர் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுப்பாங்க. மற்ற நாள் நாங்கள்.

அவள் அம்மா எழுத்தும் கணக்கும் பார்த்துக்கொள்வாள். எனக்கு அது வராது. கைக்கு வேலை கொடுங்க, அதுவும் படிப்புதான் என்று டீச்சர் என்னிடம் சொன்னாங்க. அது எனக்கு வரும்.

வெளுக்கும் முன்னே தோட்டத்துக்குப் போனால் பதினொரு மணிக்குத் திரும்புவேன். வரும்போது ஏதாவது கொண்டுவருவேன். ரப்பர் காய் வெடித்து விழுகிற காலத்தில் கொட்டை பொறுக்கி வருவேன். பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டு அழகாக இருக்கும். அதில் ஆமை, கோழி, மயில் எல்லாம் செய்தோம். சுள்ளிகளைப் பலகையில் நட்டு ஒரு ரப்பர் தோட்டமே செய்தாள். ஒவ்வொரு சுள்ளியிலும் பிளேடால் சரிவாக ஒரு வெட்டு. கீழே ரப்பர் கொட்டையின் ஓடு, பால் பிடிக்க.

"இது எத்தனாவது மரம் அப்பா? பட்டை வெட்டுனது போதுமா?"

"ஆழமா வெட்டாத. மரம் செத்துப்போவும்."

"இது சுள்ளியாக்கும். செத்ததுதான்."

அப்படித்தான் பேசுவாள்.

ஒட்டுவதற்கு நாங்கள் கடையில் பசை வாங்கியதில்லை. ரப்பர் வெட்டுகிறவன் வீட்டில் யாரும் வாங்கமாட்டார்கள். செருப்பு வார் அறுந்தால் பால். புத்தக அட்டை கிழிந்தால் பால். சின்னக் குப்பியில் தினமும் கொஞ்சம் பால் கொண்டுவருவேன். விரலால் தொட்டு ஒட்டுவாள். காய்ந்த பிறகு விரலில் இருந்து தோல்போல உரித்து எடுப்பாள். அது அவளுக்குப் பிடிக்கும்.

பிறகு பந்து. வெட்டின கோட்டில் உறைந்து கிடக்கிற பாலை நாடாபோல உரித்து எடுப்போம். ஒட்டுப்பால் என்று சொல்வோம். அதை இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து. தரையில் போட்டால் கூரை வரை துள்ளும். சுற்றும்போது இரண்டு கையும் பந்தில் இருக்கும். நாடாவின் நுனியைப் பல்லில் கடித்து இழுக்க வேண்டும். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அவளுக்கும் நான்தான் காட்டிக் கொடுத்தேன்.

இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மேலே எழுதினது ஒன்றையும் செய்யாதீர்கள்.

அடையாளம் முன்பே இருந்தது. நான் வீட்டுக்கு வந்தால் அவளுக்குத் தும்மல் வரும். கண் சிவக்கும். "அப்பாவைக் கண்டா இவளுக்கு ஜலதோஷம்" என்று அவள் அம்மா சிரிப்பாள். மட்டி வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்குது என்பாள். தின்ன மடி, சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சத்தம் போட்டிருக்கிறேன்.

பந்து பாதி சுற்றியிருந்தாள். மத்தியானம். நான் வெளியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, உதடு கனமாட்டு இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். உதடு வீங்கிக் கண் மூடிப்போயிருந்தது. மூச்சு விசில்போல வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். வழி முழுவதும் மூச்சு மோசமாகிக்கொண்டே வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நேரானது. டாக்டர் கேட்டார்.

"பிள்ள என்ன செய்துகிட்டு இருந்தது?"

"பந்து சுத்துனா. ஒட்டுப்பால்ல."

அவர் என் சட்டையைப் பார்த்தார். முன்பக்கம் முழுவதும் பால் சொட்டிக் காய்ந்து கறுத்திருந்தது.

"நீங்க ரப்பர் வெட்டா?"

"ஆமா."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். இவள் சின்ன வயதிலிருந்து நிறைய ஆப்பரேஷன் ஆன பிள்ளை. கையுறை, குழாய் எல்லாம் ரப்பர் பட்டுப் பட்டு உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்ளும். இது போன்ற பிள்ளைகளுக்கு அதிகம் வரும். வீல்சேர் சக்கரம்போல வெந்து இறுகினது அவ்வளவு செய்யாது. பாலும், மெல்லிசாக இழுபடுகிற சாமானும்தான் மோசம். அடுத்த தடவை இதைவிட வேகமாக வரும். குழாயும் ரப்பர் இல்லாததுதான் வாங்க வேண்டும். மட்டிப்பழமும் வேண்டாம், உடம்பு அதையும் ரப்பர்போல எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சாக்கில் போட்டேன். ஆமை, கோழி, மயில், தோட்டம். ஒட்டியது எல்லாம் பாலில்தானே. அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்தையாவது வைங்கப்பா. குப்பிக்குள்ள போட்டு மூடி வைக்கலாம்."

"வேண்டாம்."

"தொடமாட்டேன்."

"வேண்டாம் மக்கா."

வேறு வேலைக்குப் போனேன். கட்டிட வேலையில் கையாள். மூன்று மாதம். என் முழங்கால் தாங்கவில்லை. திரும்பவும் தோட்டத்துக்கே போனேன். வேலை முடிந்ததும் பக்கத்தில் ஓடுகிற சானல் வாய்க்காலில் இறங்கிக் குளிப்பேன். வெட்டுச் சட்டையை, பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற ஷெட்டிலேயே வைத்துவிட்டு வேறு சட்டை மாற்றித்தான் வீட்டுக்குள் வருவேன். நகக்கண்ணில் பால் இருக்கிறதா என்று அவள் அம்மா வாசலில் வைத்துப் பார்ப்பாள். அப்படியும் அவளைத் தொட எனக்குக் கை வராது. நான் தள்ளி இருந்து சொல்வேன். அவள் செய்வாள்.

இனி எழுதுவதைச் செய்யலாம்.

பசை. ஒரு தம்ளர் வெள்ளம் கொதிக்க வையுங்கள். இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சை வெள்ளத்தில் கரைத்து ஊற்றிக் கிண்டினால் பசை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம். நீங்கள் சேர்க்க வேண்டாம். பிள்ளைகள் வாயில் வைக்கும். இரண்டு நாளில் புளித்துவிடும். புதிது காய்ச்சிக்கொள்ளலாம்.

இலை. முற்றின அரச இலை பறித்து மண்பானையில் வெள்ளம் விட்டு ஊறப்போடுங்கள். ஒரு மாதம் ஆகும். நாறும். வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். பிறகு பழைய பல் பிரஷால் பைய உரசினால் சதை போய் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும். நோட்டுக்குள் வைத்துக் காய வைக்கலாம். எங்கள் பிள்ளை முதல் பத்து இலையைக் கிழித்தாள். பதினொன்றாவது முழுசாக வந்தது. அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

நட்சத்திரம். கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் தொங்கவிடுகிறதுதான். சின்னதுக்கு மூங்கில் வேண்டாம், தென்னை ஈர்க்குச்சி போதும். கட்டுகிற இடத்தில் ரப்பர் பேண்ட் போடாமல் நூல் போடுங்கள்.

மலை. இது அவளாகவே செய்தது. சிதறால் மலை எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அவள் ஏறினதில்லை. முதுகில் ஆப்பரேஷன் ஆனதால் தோளில் தூக்கிப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் போய்விட்டு வந்து சொன்னேன். பாறை எப்படி, படி எப்படி, பாறையில் செதுக்கின உருவம் எப்படி என்று.

"மேல என்ன உண்டு?"

"ஒரு குளம் உண்டு. பாறைக்கு மேல."

"பாறைக்கு மேல குளமா? பொய்."

"உள்ளதாக்கும். வானம் அதுல கெடக்கும்."

களிமண்ணில் ஊறின காகிதக் கூழ் சேர்த்துப் பிசைந்தால் வெடிக்காது. நிழலில் காய வேண்டும். இரண்டு மாதம் செய்தாள். மரத்துக்கெல்லாம் அரச இலை நரம்பு. உருவங்களை ஊசியால் கீறினாள். உச்சியில் மட்டும் ஒரு பள்ளம் வெறுமனே கிடந்தது.

"குளம் எங்க?"

"அது பாக்கி. ஸ்கூல்ல வச்சுதான் வைப்பேன். நீங்க வந்து பாருங்க."

டீச்சர் அப்போதுதான் சொல்லியிருந்தாங்க. ஆண்டு விழா அன்று பள்ளியில் கண்காட்சி. அவளுக்கும் ஒரு மேசை. அவள் அம்மா கூட இருக்கலாம். குழாய் போட ஓர் அறை ஒழித்துத் தருவார்கள்.

"மேசையில என் பேரு எழுதுவாங்களா?"

"பெருசா எழுதுவோம்" என்றாங்க டீச்சர்.

"வைகுந்நேரம் வரைக்கும் இருக்கலாமா?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம்."

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். பென்சில் அழிக்கிற ரப்பர் அவள் மேசையில் வேண்டாம், ரப்பர் பேண்ட் வேண்டாம், கையுறை வேண்டாம். அவர்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள். நான் பலூனைச் சொல்லவில்லை. நினைவே வரவில்லை. மெல்லிசாக இழுபடுகிறது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவன் நான். பலூன் எந்தப் பாலில் ஆகிறது என்று தெரிந்தவனும் நான்.

விழா அன்றைக்கு லீவு கேட்டேன். இரண்டு நாள் மழையில் வெட்டு நின்றிருந்தது, முதலாளி விடவில்லை. வெட்டு முடிந்து பால் எடுத்து ஷீட்டுக்கு ஊற்றும்போதே மணி பதினொன்றரை. குளித்துச் சட்டை மாற்றத்தான் நினைத்தேன். சானலில் வெள்ளம் வராமல் அடைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து வந்தால் ஒரு மணி நேரம். சரி, முதலில் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியில் நின்று ஒரு பார்வை பார்ப்போம், பிறகு குளித்துவிட்டு உள்ளே போவோம் என்று நடந்தேன்.

கேட்டிலிருந்து வராந்தா தெரிந்தது. நீல உடுப்பில் இருந்தாள். மேசையில் அவள் பேர் பெரிசாக எழுதியிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள். ஒரு பெண்பிள்ளைக்கு இலையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவ்வளவு கை ஆட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

அவள் தலைக்கு மேலே வராந்தா முழுவதும் பலூன் கட்டியிருந்தது. ஒன்று படாரென்று வெடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. உள்ளே ஓட ஓர் அடி வைத்தேன். சட்டையைப் பார்த்து நின்றேன். வாட்ச்மேனிடம் சொன்னேன், அந்தப் பிள்ளையை வெளியே கொண்டுவரச் சொல்லுங்க என்று.

"நீரு யாரு ஓய்?"

"அப்பன்."

"அப்பன்னா உள்ள போவும்."

"நான் போவக் கூடாது."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நின்று விளக்க நேரமில்லை. அவள் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏ பிள்ளே, பலூன். பலூனைப் பாரு."

எல்லாரும் திரும்பினார்கள். மகளும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். வாங்க என்று கை காட்டினாள். அதற்குள் அவள் அம்மா மேலே பார்த்துவிட்டாள். வீல்சேரைத் திருப்பினாள். டீச்சர் ஓடிவந்து எல்லாம் அவுத்திருவோம் என்று ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாங்க. உதவி செய்வதாக நினைத்துப் பிள்ளைகள் பலூனைக் குத்தி வெடிக்க வைத்தார்கள். வெடித்தால் ரப்பர் தூள் காற்றில் பறக்கும், நான் அங்கிருந்தே வேண்டாம் வேண்டாம் என்றேன்.

அவளை வெளியே கொண்டுவந்தார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"பத்து நிமிஷம்மா. நான் இன்னும் காட்டி முடிக்கல்ல. பத்து நிமிஷம்."

ஆட்டோவில் ஏற்றினார்கள். அதில் நான் ஏற முடியாது. பின்னால் நடந்தேன்.

வீட்டு முற்றத்தில் குளித்துவிட்டு உள்ளே போனேன். அவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு தடிப்பு இல்லை, ஒரு தும்மல் இல்லை. சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் வரல்ல, பாத்தீங்களா" என்றாள்.

"வராதது நல்லதுதானே."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் டீச்சர் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாங்க. அழுதாங்க. அவங்க மேல் தப்பு இல்லை என்று சொன்னேன். பெட்டியை அவள் திறக்கவில்லை. பரண்மேல் வைத்தேன். அதற்குப் பிறகு அரச இலை கொண்டுவந்தேன், மண் கொண்டுவந்தேன். "பிறகு பாக்கலாம்" என்பாள். மூன்று வருடம் ஆகிறது. படிப்பு படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். கைவேலை மட்டும் செய்வதில்லை. நானும் கேட்பதில்லை.

இதுவரை எழுதினதை நேற்று அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். பென்சிலால் சில இடம் திருத்தினாள். நோட்டைத் திருப்பித் தரும்போது கேட்டாள்.

"கேட்ல நின்னப்போ என் மேச தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. உன் பேரு தெரிஞ்சுது. மலை தெரிஞ்சுது."

"குளம்?"

"இல்ல மக்கா. தூரம்."

"முகம் பாக்கிற கண்ணாடித் துண்டு வச்சிருந்தேன். வராந்தா ஓரத்துல, வெளியில உள்ள வானம் அதுல கெடந்துது. நீங்க வருவீங்கன்னு ஒருத்தரையும் தொட விடல்ல."

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மலை இரண்டாக வெடித்திருந்தது. கண்ணாடித் துண்டு அதில் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். உச்சியில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது, ஓரத்தில் காய்ந்த மைதாப் பசையோடு.