ஊஞ்சலில் பெருமாள், ஒலிப்பதிவில் கொரகொர

கூடத்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, சுவிட்சைப் போடுவதற்கு முன்பே மானிட்டரின் நெற்றியில் நாமம் இட்டுவிட்டார் என் மாமனார். சின்ன காஞ்சிபுரத்தில் வேறெப்படி? வடகலையா தென்கலையா, எந்த நாமம் என்று சொல்லமாட்டேன். அந்தத் தகராறே ஊரில் இன்னும் முடிந்தபாடில்லை.

என் கணவரின் அண்ணன் தன் பங்குக்கு ஒரு சிடியைக் கொண்டுவந்து பெருமாளை உள்ளே ஏற்றினார். திரையில் எதைத் திறந்தாலும் அதற்கு மேலே, மூலையில், பூ அலங்காரம் செய்த ஊஞ்சலில் பெருமாள் ஆடிக்கொண்டே இருப்பார். அண்ணன் சென்னையில் ஓர் ஆபீசில் கணக்குப் பார்த்தார். அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்தது. ஆகவே எங்கள் வீட்டில் அவர்தான் நிபுணர்.

நானும் ஒரு காலத்தில் பாட்டுக்காரிதான். பெண் பார்க்க வந்தபோது பாடச் சொல்லிக் கேட்டு, தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டிய குடும்பம் இது. கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் கேட்டதெல்லாம் காபிதான். ஒன்பது வருஷம் கழித்து, கூடப் பாட்டுப் படித்த தோழி போன் செய்தாள். சென்னையில் பாட்டுப் பள்ளி தொடங்குகிறாளாம், டீச்சர் வேண்டுமாம். கூட்டாளிகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், வீட்டிலேயே மூன்று பாட்டைப் பதிவு செய்து அனுப்பு என்றாள். அந்த வேலை எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெறி பிடித்த மாதிரி வேண்டியிருந்தது.

மைக் வாங்கினேன். பாடினேன். போட்டுக் கேட்டால் கொரகொர, டப் டப். நடுநடுவே பாட்டு திக்கித் திக்கி நின்றது.

அண்ணன் வந்து மானிட்டரின் முதுகைத் தட்டிப் பார்த்தார். தூசி என்றார். தூசி தட்டினோம். ரேம் பத்தாது என்றார். ரேம் வாங்கிப் போட்டோம். கொரகொர போகவில்லை. கடைசியில், "உன் குரல் கொஞ்சம் கனமோன்னோ, மைக் தாங்கலையோ என்னமோ" என்றார். கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் உட்காரக்கூட இல்லை. "ஓவரா லோடு ஆவுதும்மா. ஃபார்மட் அடிச்சிடலாம், எல்லாம் சரியாப்பூடும்" என்றார். தலைவலிக்கு வந்தாலும் ஃபார்மட் அடிக்கிற ஆள் போல. அடித்தார். துடைத்து வைத்த அந்தக் கம்ப்யூட்டரில் அண்ணன் நல்ல நேரம் பார்த்து முதலில் ஏற்றியது, பெருமாள். ஊஞ்சல் ஆடியது. கொரகொரவும் திரும்பி வந்தது.

ஒருநாள் வெறுத்துப்போய், அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு தொடையில் தாளம் போட்டேன். டப் என்பது கண்ட இடத்தில் விழவில்லை. சீராக, ஒரே இடைவெளியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஊஞ்சல் இந்தக் கோடிக்குப் போனால் ஒரு டப், அந்தக் கோடிக்குப் போனால் ஒரு டப். மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் எந்த வேலை எவ்வளவு சக்தியைச் சாப்பிடுகிறது என்று காட்டும். பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றையும் பெருமாளே அமுது செய்துகொண்டிருக்கிறார்.

மாமனாரிடம் போய் நின்றேன். "அப்பா, பாடற நேரத்துக்கு மட்டும் அந்த ஊஞ்சலை எடுத்துடலாமா?"

"ஆடிண்டிருக்கற பெருமாளை எறக்கறதா? என்னம்மா பேசறே."

அவரிடம் ரேமைப் பற்றிப் பேசிப் பயனில்லை. "கோயில்லயே உச்சிக்கு மேல நடை சாத்தறா. நம்மாத்துல ராப்பகலா ஆட விட்டிருக்கோம். பெருமாளுக்கு அசதியா இருக்காதா?" என்றேன்.

மனுஷர் ஆடிப்போய்விட்டார். இவ்வளவு நாள் அபசாரம் பண்ணிவிட்டோமே என்று அண்ணனுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் திட்டினார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறுநாள் மத்தியானம் குளித்து, மடி உடுத்திக்கொண்டு வந்து, மௌஸைத் துடைத்துவிட்டுத் தன் கையாலேயே ஊஞ்சலை நிறுத்தினார். "நீ பாடும்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

பாடினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு கொரகொர இல்லை. அத்தனை சுத்தம்.

அந்தச் சுத்தத்தில் என் குரல் கேட்டது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மூச்சு வாங்கியது. சங்கதிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சுருதி ஒரு நூல் இறங்கியே நின்றது. இத்தனை நாள் அந்த டப் டப் என் மானத்தை மூடி வைத்திருக்கிறது. மூன்று பாட்டையும் அழித்துவிட்டு அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது. மிஷினுக்குத் தூசி தட்ட, ரேம் போட, ஃபார்மட் அடிக்க எத்தனை பேர் ஓடி வந்தார்கள்! ஒன்பது வருஷத்தில் இந்தத் தொண்டைக்கு ஒரு மணி நேரம் ஒழித்துக் கொடுக்க ஓர் ஆளுக்குத் தோன்றவில்லையே.

தோழிக்குப் போன் செய்து, கம்ப்யூட்டர் படுத்துகிறது, இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடு என்று கேட்டேன். பள்ளி திறக்க இன்னும் மூன்று மாசம் இருக்கிறது, அதுவரை பொறுப்பதாகச் சொன்னாள்.

சாயங்காலம் கணவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "என்ன, ரிப்பேர் சரியாயிடுத்தா?"

"இல்லை. இன்னும் ரெண்டு மூணு மாசம் பிடிக்கும்" என்றேன். "மத்தியானத்துல யாரும் கூடத்துப் பக்கம் வரப்படாது. காபி வேணும்னா அவாவாளே போட்டுக்கட்டும்."