மஞ்சள் தண்ணீர் தெளித்த கணக்கு

அம்மனுக்கு நேர்ந்துகொண்ட புடவைக்கு நூல் வேகவைக்கிற நாளாகப் பார்த்துத்தான் கடையில் கட்டி சோடா தீர்ந்துபோயிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா காய்ச்சலில் கிடந்து பிழைத்து எழுந்ததற்கான வேண்டுதல் அது. ஆரணியில் எங்கள் தெருவில் பட்டு நூலை வீட்டிலேயே வேகவைப்பார்கள். சோப்பும் கட்டி சோடா என்கிற சலவை சோடாவும் போட்ட கொதிநீரில் முக்கினால் நூலில் இருக்கிற பிசின் கழன்று பளபளப்பு வரும். ஓர் அண்டாவுக்கு நூறு கிராம் கட்டி சோடா, அதாவது ஒரு பொட்டலம். அப்பாவுக்கு அதற்கு மேல் கணக்குக் கிடையாது.

கடைக்காரர் அன்று மாவு மாதிரி இருந்த வெள்ளைத் தூளை நூறு கிராம் நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். சந்துக்கு அந்தப் பக்கம், பெரியப்பா வீட்டுப் பின்புறத்தில் அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. அப்பா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"கட்டியா இருந்தா இன்னா, தூளா இருந்தா இன்னா. எல்லாம் அதே சோடாதான்."

நான் சும்மா இருக்காமல் எங்கள் வீட்டுக்கு ஓடி அக்காவிடம் இதைச் சொன்னேன். அக்கா பிளஸ் டூ, அறிவியல் பிரிவு. அன்று அவள் வீட்டுக்குத் தூரம். கொல்லையில் இருந்த ஓலைக் கொட்டகையில் பாயும் புத்தகமுமாக மூன்று நாள் தனியே உட்கார வேண்டும். அவளைத் தொட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும். அம்மன் நூல் வேகிற இடத்துக்கு அவள் நிழல்கூடப் போகக் கூடாது.

"தூளா? முழுப் பொட்டலத்தையுமா கொட்டப் போறாரு?"

அக்கா நோட்டை எடுத்து வேகவேகமாக எழுதினாள். வாயும் கூடவே ஓடியது. கட்டி சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தானாம், வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கிறதாம். அதன் மூலக்கூறு எடை இருநூற்று எண்பத்தாறு. தண்ணீர் போன தூளுக்கு நூற்றாறு. அப்படியானால் நூறு கிராம் கட்டி செய்கிற வேலைக்கு முப்பத்தேழு கிராம் தூள் போதும். நூறையும் கொட்டினால் பிசினோடு பட்டும் சேர்ந்து கெட்டுப்போகும்.

"ஓடுடி, ஜல்தி! இத்த அப்பா கையில குடு. படிச்சி இன்னா கிழிக்கப் போறேன்னு கேட்டாரு இல்ல, பார்க்கட்டும்."

தாளைத் தரையில் போட்டாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதிச் சந்தில் கால் நின்றுவிட்டது. இது அக்கா தொட்ட தாள். இதைத் தொட்ட கையோடு அம்மன் நூல் பக்கத்தில் போய் நிற்கலாமா? தரையில் போட்டு எடுத்ததால் தீட்டு போயிருக்குமா? காகிதத்துக்கும் தீட்டு உண்டா? கேட்கலாமென்றால் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நாலடி முன்னே போவேன், ரெண்டடி பின்னே வருவேன். கடைசியில் திரும்பி ஓடி, தாளைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டுத் தலையோடு நாலு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.

குளித்த பிறகுதான் உறைத்தது. தாளை எடுத்தால் மறுபடியும் குளிக்க வேண்டுமே! சாமி மாடத்துச் சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை எடுத்து வந்து தாள்மேல் தாராளமாகத் தெளித்தேன். மனசு சமாதானமாயிற்று. அக்கா எழுதியதோ மை பேனாவில். எண்களெல்லாம் நீலமாகக் கரைந்து ஓடின.

நான் போனபோது நூல் அண்டாவுக்குள் இறங்கியிருந்தது. பொட்டலம் கட்டிய காகிதம் காலியாகக் கீழே கிடந்தது.

"இன்னாடி இது, நனஞ்சிகினு வந்து நிக்கிற?" என்றார் அப்பா.

தாளை நீட்டினேன். அக்கா கொடுத்தாள் என்று சொன்னால் தீட்டு என்று கத்துவாரோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. அப்பா தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஓரெழுத்தும் தெரியவில்லை.

"கப்பல் செஞ்சி அண்டாவுல வுடலாம்னு வந்துதோ இன்னாவோ" என்று பெரியப்பா சிரித்தார்.

தாள் அடுப்புக்குள் போயிற்று. முப்பத்தேழு என்ற ஒரு சொல்லையாவது சொல்லியிருக்கலாம். நூலை அப்போதே வெளியே எடுத்து அலசியிருப்பார்கள். அது என் வாய்க்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஈரப் பாவாடையைப் பிழிந்தபடி அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நூலை வெளியே எடுத்து அலசியபோது பளபளப்பையே காணோம். பெரியப்பா ஓர் இழையை இழுத்தார். வெந்த சேமியா மாதிரி கையோடு வந்தது. அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வூட்ல தூரத்த வெச்சிகினு அம்மன் நூல்ல கை வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்."

கொட்டகை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்கா."

"பார்த்தாரா?"

"பார்த்தாரு. அடுப்புல போட்டுட்டாரு."

அக்கா உள்ளே போனாள். புத்தகத்தை மூடிப் பாய்க்கு அடியில் தள்ளினாள்.

அடுத்த ஆடியில் வேறு நூலில் நெய்து அம்மனுக்குச் சாத்தினோம். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால், காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்கப்போகிறேன் என்று என்னிடம் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா, கடைசிவரை கேட்கவே இல்லை.

நூல் கெட்ட அன்று சாயந்திரம் விளக்கேற்றியதும், ஒரு பொய்யும் சொல்லவில்லை தாயே என்று அம்மன் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது. தான் எழுதிய கணக்கை அப்பா படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் எறிந்தார் என்று அக்கா நினைத்துக்கொண்டது எனக்கு அன்று தெரியவில்லை.