நாலாக நறுக்கிய திராட்சை

மகன் விழுங்கிவிடுவான் என்று தையல்காரி ஒரு பொத்தானைக்கூடத் தரையில் கிடக்க விடமாட்டாள். அவனோ பொழுது விடிந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஓடிவிடுவான். தன் ஓரகத்தியான அவள் அப்படி என்ன சொக்குப்பொடி போட்டாளோ என்று இவளுக்கு வயிறு எரியும்.

அவனை இழுத்துப் பிடிக்கத் திராட்சையைக் கொத்தோடு கொடுத்தாள். அதையும் அங்கேயே தூக்கிக்கொண்டு போனான். இவளும் பின்னாலேயே போனாள். ஓரகத்தி அவனை உட்காரவைத்து, ஒவ்வொரு பழத்தையும் நீளவாக்கில் நாலாக நறுக்கி ஊட்டினாள்.

"பொத்தானுக்கு அவ்வளவு பயப்படுற. இது மட்டும் தொண்டையில அடைக்காதா?" என்று இவளைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்."

மறுநாள் இவள் வீம்புக்கு எட்டாக நறுக்கிக் கிண்ணத்தை நீட்டினாள். மகன் சிரித்தபடி வாங்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடந்தான்.